இரண்டு தோல்களுக்கு ஒரு பெயர்

இடப்பக்கம் படுத்திருப்பது தீவுப் பறவை. வலப்பக்கம் படுத்திருப்பது ஆற்றுப் பறவை. அட்டையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அட்டையைக் கட்டியது நான். ஆகையால் அது அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

இந்த வாக்கியங்களைக் கிளெனிஸ் ட்ரெவின் நவம்பர் மாதத்திலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிராமில் நின்றபடி சொன்னாள். பல் துலக்கும்போது சொன்னாள். ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது பிப்ரவரி, தென்கோளத்தின் உச்சக் கோடை. வெளியே நாற்பத்தொரு டிகிரி. அருங்காட்சியகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலே இல்லாத பறவை அறையில் மட்டும் எப்போதும்போலக் குளிர்ந்தது. முப்பத்தெட்டாயிரம் பறவைகள் இரும்பு அலமாரிகளின் இழுப்பறைகளில் மல்லாந்து கிடந்தன. வயிற்றில் பஞ்சு, கண்ணில் பஞ்சு, குறுக்காகக் கட்டிய கால்களில் ஓர் அட்டை. அந்த அட்டைதான் பறவை. அட்டை போய்விட்டால் மிஞ்சுவது வெறும் இறகும், பூச்சி அரிக்காமலிருக்கத் தடவிய ஆர்செனிக் நஞ்சும்தான்.

மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, பஞ்சடைத்த பறவைத் தோல்கள் இரண்டை எடுத்து வைத்திருந்தாள். கோடிட்ட புதர்ச்சிட்டு. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. மார்பில் மங்கலான கோடுகள். ஒன்று சற்றுக் கறுப்பு, மற்றது வெளிறல்.

கதவு திறந்தது. துறைத்தலைவர் தியோ பாப்பஸ் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். கிளெனிஸைவிடப் பத்து வயது இளையவர். பறவைகளைக் கண்டால் அவருக்குத் தும்மல் வரும்.

"என்ன கிளெனிஸ், இன்னும் பிரசவம் ஆகலையா?"

"ஆகல."

"வியாழக்கிழமைக்குள்ள ஆயிடணும். படம் எடுக்க ஆள் வர்றாங்க. சிவப்பு அட்டை கட்டின கால் நல்லா தெரியணுமாம். என் பொண்ணுக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வர்ற வழியிலயே பேர் வெச்சிட்டோம். நீங்க ஒரு குருவிக்கு நூத்திநாப்பது வருஷமா வெச்சிக்கிட்டிருக்கீங்க!"

"பேர் அப்பவே வெச்சாச்சு தியோ. யாரோட பேருன்னுதான் தெரியல."

தியோ சிரித்தார், தும்மினார், கதவைச் சாத்திக்கொண்டு போனார். கிளெனிஸ் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

1881-ல் இந்த அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளர் தம்முன் இரண்டு தோல்களை வைத்துக்கொண்டு ஒரு புதிய பறவையை அச்சில் வர்ணித்தார். ஒன்று கட்டர் தீவில் பிடித்தது. மற்றது பென்ரோஸ் ஆற்றின் கழிமுகச் சதுப்பில் பிடித்தது. இரண்டும் ஒரே இனம் என்று நினைத்து ஒரே பெயரை வைத்தார். பெயருக்கு ஆதாரமான பறவை இதுதான் என்று ஒன்றைக் காட்டாமலே செத்துப்போனார். இரண்டும் ஒன்றாக இருக்கிறவரை அதனால் தொல்லையில்லை. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துவிட்டால் பெயர் அந்தரத்தில் தொங்கும். அப்போது யாராவது ஒருவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, இதுவே மூலப் பறவை என்று அச்சில் சொல்லவேண்டும். அதன் காலில் சிவப்பு அட்டை ஏறும். பெயர் என்றைக்கும் அந்த உடலை விட்டுப் போகாது. ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். பின்னால் வருகிற எவருக்கும் வேறொன்றைத் தேர்ந்துகொள்ள உரிமையில்லை.

போன நவம்பரில் அது தெரிந்துவிட்டது. கால்விரலின் அடியிலிருந்து அரிசிக் குருணை அளவு சதை வெட்டி ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். தீவு என்று அட்டை கட்டிய கறுத்த தோல், கரையோரமெங்கும் இன்றைக்கும் கத்தித் திரிகிற சாதாரணப் புதர்ச்சிட்டு. ஆறு என்று அட்டை கட்டிய வெளிறிய தோல், இதுவரை யாரும் அறியாத வேறொரு இனம்.

முடிவு வந்த அன்று அவளுடைய தோழி மார்னி காஃப்லன் இந்த அறையிலேயே கிளெனிஸைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பென்ரோஸ் சதுப்பைத் தூர்த்துக் கப்பல்துறை கட்டப் போகிறார்கள். அதைத் தடுக்க மார்னி பதினோரு வருஷமாக மனுப்போட்டு, சேற்றில் நடந்து, பறவைகளை எண்ணி, புருஷனையும் பாதி வழியில் தொலைத்துவிட்டிருந்தாள். சைபீரியாவிலிருந்து வருகிற நாலாயிரம் உள்ளான் பறவைகளைக் காட்டியும் பயனில்லை. அவை வேறு சேற்றுக்குப் போகலாமே என்று கம்பெனி வக்கீல் சொன்னார். உலகத்தில் அந்தச் சதுப்பு ஒன்றை மட்டுமே வீடாகக் கொண்ட ஒரு பறவை இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பறவை இப்போது மேசைமேல் கிடந்தது.

மார்னியின் கழுத்துக்குப் பின்னால், அலமாரிகளைப் பார்த்தபடி, கிளெனிஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் இன்னும் தன் முகத்திலேயே உணர்ந்தாள், துடைக்காமல் விட்ட பால் காய்ந்து இழுப்பதுபோல.

1994 பிப்ரவரியில் அவளுக்கு இருபத்தைந்து வயது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். பதினேழாவது அலமாரியில் தோல்வண்டு புகுந்துவிட்டது. காப்பாளர் ஆல்விஸ் கால்னின்ஸ் இரண்டு வார விடுமுறையில் இருந்தார். இழுப்பறையைத் திறந்தபோது பதினான்கு தோல்கள், அடியில் மரத்தூள்போல வண்டுகளின் கழிவு. பழைய நூலை அரித்திருந்தன. பன்னிரண்டு அட்டைகள் எப்படியோ காலில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு அட்டைகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

அப்படி நேர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்பது அங்கே துடைப்பம் பிடிப்பவருக்கும் தெரியும். எதையும் கட்டக்கூடாது. கழன்று கிடந்தது என்று சீட்டு எழுதி, நாள் போட்டு, பக்கத்தில் வைக்கவேண்டும். ஆனால் அதற்கு முந்திய மாதந்தான் ஒரு பெட்டி முட்டைகளை மாற்றி அடுக்கியதற்காக ஒருத்தியை ஆல்விஸ் கல் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். "கல்லைக் கலந்தா யாரும் அழமாட்டாங்க" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். கிளெனிஸ் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்த இரண்டு தோல்களையும் நெடுநேரம் பார்த்தாள். தீவில் வாழ்கிற பறவைகள் கறுத்திருக்கும் என்று படித்திருந்தாள். கறுத்ததன் காலில் தீவு அட்டையைக் கட்டினாள்.

புது நூல் வெள்ளையாகப் பளிச்சென்றது. தேநீர் அறைக்குப் போய், ஆறிப்போன தேநீரில் நூலை நனைத்துக் காயவைத்து, மறுபடியும் கட்டினாள். அதைத்தான் அவளால் தனக்கே விளக்க முடியவில்லை. அட்டையைக் கட்டியது பயத்தில் செய்தது. நூலுக்குச் சாயம் போட்டது யோசித்துச் செய்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த முக்கால்மணி நேரத்தில் அவள் வேறு ஆளாகியிருந்தாள். அந்த ஆள்தான் இருபத்தெட்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறாள், பிழையே செய்யாதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கடற்பறவையின் தோலை உரிக்கும்போது கொழுப்பைச் சரியாகச் சுரண்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டாள். கொழுப்பு மெல்லக் கசிந்து, இறகைச் சுட்டு, கறுப்பாக்கிவிடும். அன்றே மேலே வந்து பதினேழாவது அலமாரியைத் திறந்தாள். கறுத்த சிட்டின் வயிற்றை விரலால் தொட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு. தீவின் கறுப்பல்ல. அவசரத்தில் உரித்த யாரோ ஒருவரின் சோம்பேறித்தனம். மூடிவிட்டாள். இதை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். கேட்கவும் இல்லை, நவம்பர்வரை.

கட்டர் தீவில் இப்போது ஒரு புதர்ச்சிட்டும் இல்லை. கப்பலிலிருந்து இறங்கிய எலிகள் 1902-க்குள் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டன. நாற்பது கிலோமீட்டர் கடலால் பிரிந்த ஒரு தீவில் தனி இனம் உண்டாவதில் அதிசயமில்லை. ஆற்றின் இரு கரையிலும் சாதாரணச் சிட்டு கத்திக்கொண்டிருக்க, நடுவிலுள்ள சதுப்பில் மட்டும் இன்னொன்று எப்படி ஒளிந்திருக்கும்? கிளெனிஸுக்கு முடிவைப் படித்த அந்த நிமிஷமே தெரிந்தது. வெளிறியதுதான் தீவுப் பறவை. அந்த இனமே அழிந்து நூற்றிருபது வருஷம் ஆகிறது.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் செய்தித்தாளில் வந்துவிட்டது. அதற்குள் தன்னார்வலர்கள் சேர்ந்துவிட்டார்கள், தொலைந்த பறவையை உயிரோடு தேடுவதற்கு. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் போனாள். முழங்கால்வரை சேற்றில் நின்று, நாணலுக்குள் காதை வைத்துக் கேட்டாள். தான் ஏன் வந்தோம் என்பது பாதி வழியில்தான் அவளுக்கே புரிந்தது. அது இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ள வந்திருந்தாள். அந்தப் பறவை மட்டும் ஒரே ஒரு தடவை கத்திவிட்டால் அவளுடைய பொய் பொய்யாக இராது.

அன்று பக்கத்தில் நின்றவர் கிளைவ் பெட்டிஃபர், ஓய்வுபெற்ற தபால்காரர். எழுபத்தொரு வயது.

"நேத்து ஒரு சத்தம் கேட்டேன் கண்ணு. சாதாச் சிட்டு மாதிரி இல்ல. கடைசில ஒரு இழுப்பு இழுத்துச்சு."

"அப்படியா?"

"என் காதை நம்பாதீங்கன்னு என் பெண்டாட்டி சொல்லுவா. அவ கூப்பிட்டா மட்டும் கேக்காதாம்." சிரித்துக்கொண்டே பையிலிருந்து முட்டை சாண்ட்விச்சை எடுத்துப் பாதியை அவளிடம் நீட்டினார். வாங்கித் தின்றாள்.

ஜனவரி பதினாறாம் தேதி, நாற்பத்துமூன்று டிகிரி வெயிலில், மற்றவர்கள் திரும்பிவிட்ட பிறகும் அந்த இழுப்புச் சத்தத்துக்காகக் கிளைவ் உள்ளேயே இருந்துவிட்டார். மறுநாள் நாணலுக்குள் முகம் கவிழ்ந்து கிடந்தவரைக் கண்டெடுத்தார்கள்.

இன்று மார்னி பதினொரு மணிக்குப் பறவை அறைக்கு வந்தாள். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே நாற்காலியில் விழுந்தாள்.

"அடிப்பாவி, நீ இங்க ஃப்ரிட்ஜ்ல உக்காந்திருக்க. வெளிய தார் உருகுது. என் செருப்பு ஒண்ணு பார்க்கிங்லயே ஒட்டிக்கிச்சு."

"தண்ணி குடிக்கிறியா?"

"கையெழுத்துப் போடு மொதல்ல. அப்புறம் பீரே வாங்கித் தர்றேன்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் துணியின் ஓரத்தில் வைத்தாள். "ஆய்வு இதழ்ல நம்ம கட்டுரையப் போடறேன்னுட்டாங்க. ஒரே ஒரு வரி கேக்கறாங்க, சேகரிப்பப் பார்த்துக்கறவங்க கையால. வியாழக்கிழமை காலைல கப்பல்துறை விசாரணை. அதுக்குள்ள அச்சுல ஏறிடணும்."

கிளெனிஸ் படித்தாள். *இவ்விரு தோல்களின் அட்டைகளும் சேகரித்த நாள்முதல் இடம் மாறாதவை எனச் சான்றளிக்கிறேன்.* கீழே அவள் பெயர், புள்ளிக்கோடு.

"மார்னி. இது மாறியிருக்கு."

"எது?"

"அட்டை."

"யார் மாத்தினா?"

"நான்."

மார்னி சத்தமாகச் சிரித்தாள். "நீயா? உன் டீக்கப்புக்கே நம்பர் போட்டு வெக்கிறவ நீ."

கிளெனிஸ் சிரிக்கவில்லை. சொன்னாள். வண்டு, மூலையில் கிடந்த அட்டைகள், கறுப்பு, தேநீர், கொழுப்பு. சொல்லி முடிக்க ஐந்து நிமிஷங்கூட ஆகவில்லை. இருபத்தெட்டு வருஷம் சுமந்தது இவ்வளவு சிறியதா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மார்னி விசிறுவதை நிறுத்தியிருந்தாள்.

"கண்டிப்பா மாத்தித்தான் கட்டினேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. குத்துமதிப்பாக் கட்டினேன்."

"அப்ப சரியாவும் இருக்கலாம்."

"இருக்கலாம். நீ பதினோரு வருஷம் அங்க நடந்திருக்க. ஒரு தடவையாவது பார்த்தியா?"

மார்னி எழுந்துபோய் ஓர் அலமாரியில் நெற்றியை வைத்து நின்றாள். இரும்பு குளிர்ச்சியாக இருந்திருக்கும். அப்படியே நின்றபடி கேட்டாள்.

"கிளைவ் செத்தப்ப உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"சாவு வீட்டுக்கு நீதானடி கோழிக் கேசரோல் செஞ்சு எடுத்துக்கிட்டுப் போன."

"ஆமா."

"அந்தம்மா கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த. நான் பார்த்தேன். எவ்வளவு நல்லவ இவன்னு நெனச்சேன்."

"ஆமா மார்னி."

"ஆமா ஆமான்னு சொல்லாத!" அவள் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது, வெயிலாலா கோபத்தாலா என்று சொல்ல முடியவில்லை. "நவம்பர்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவர் இன்னிக்கு வீட்டுல உக்காந்து கிரிக்கெட் பார்த்துக்கிட்டிருப்பாரு."

இதே வாக்கியத்தைக் கிளெனிஸ் தனக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். அதில் கிரிக்கெட் இருந்ததில்லை. இன்னொருவர் வாயில் கேட்டபோது அந்த ஒரு சொல்தான் உள்ளே இறங்கியது. தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு நாற்காலி, அதில் கிளைவ், பக்கத்து அறையிலிருந்து கூப்பிடும் மனைவி, கேளாததுபோல இருக்கும் அவர். அவ்வளவையும் அவள் தன் நாக்கை அடக்கி இல்லாமல் ஆக்கியிருந்தாள்.

மார்னி திரும்ப வந்து உட்கார்ந்தாள். இரண்டு தோல்களையும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு பேசியபோது குரல் தணிந்திருந்தது. அது கிளெனிஸைக் கோபத்தைவிட அதிகமாகக் கலக்கியது.

"இத வேற யார்கிட்ட சொன்ன?"

"உங்கிட்ட மட்டுந்தான்."

"ஆல்விஸ்?"

"அவர் போய்ப் பதினாலு வருஷம் ஆச்சு. தெரியாமலேதான் போனாரு."

"அப்ப வேற யாருக்கும் சொல்லாத." மார்னி நாற்காலியை நெருக்கமாக இழுத்தாள். "கேளு. நான் இப்ப உன்னத் திட்டப்போறதில்ல. திட்டறதுக்கு அப்புறம் எவ்வளவோ நாள் இருக்கு. வியாழக்கிழமையத் தாண்டினா மட்டும் நமக்கு நாளில்ல. இந்த ஒரு வரி இல்லன்னா அங்க மண்ணக் கொட்டிருவானுங்க. நாலாயிரம் உள்ளான். அதுங்களுக்குச் சட்டத்துல எடமில்ல. உசுரோட இருக்கறதுக்கு எடமில்ல, செத்துப்போன ஒண்ணுக்குத்தான் எடம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு நஷ்டம்? தீவுல எலிக்கா?"

"மறுபடியும் தேடப் போவாங்க மார்னி."

"நான் போக விடமாட்டேன்."

"நீ எப்படித் தடுப்ப? அங்க இருக்குன்னு நாமதான அச்சுல போடறோம். இருக்குன்னு சொல்லிட்டுத் தேடாதேன்னு சொல்ல முடியுமா?"

"குளிர் காலத்துல தேடட்டும்." சொல்லிவிட்டு மார்னியே கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்து தாளைத் தொட்டாள். "நீயே சொன்ன, உனக்கு நிச்சயமாத் தெரியாதுன்னு. பாதிக்குப் பாதி. பாதி உண்மைக்கு ஒரு கையெழுத்து. எனக்காக வேண்டாம். கிளைவ் சும்மா செத்தாருன்னு ஆகாம இருக்கணுமா வேண்டாமா? அவர் தேடினது இல்லவே இல்லேன்னு அந்தம்மாகிட்ட நீ போய்ச் சொல்லப்போறியா?"

சொல்லத்தான் வேண்டும். கிளெனிஸ் அதுவரை அந்த இடம்வரை யோசித்ததே இல்லை. அவளுடைய பயம் எப்போதும் இந்த அறைக்குள்ளேயே முடிந்துவிடும். வேலை போகும், பெயர் போகும், தியோ தும்மாமல் பார்ப்பார், அதோடு சரி. வெளியே ஒரு தெருவும், தெருவில் ஒரு வீடும், அந்த வீட்டில் கேசரோல் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பதற்காக வைத்திருக்கும் ஒருத்தியும் இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

மேசையில் தாளும் பேனாவும் இருந்தன. கையெழுத்துப் போடுவது எவ்வளவு சுலபம் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு முடிச்சுப் போடுவதைவிடச் சுலபம். போட்டுவிட்டால் நாலாயிரம் உயிர் பிழைக்கலாம். மார்னியின் பதினோரு வருஷம் வீணாகாது. உலகத்தில் ஒருவருக்கும் தெரியவராது. இந்த இரண்டு தோல்களில் ஒன்று, தன் தீவு எது என்று சொல்ல யாருமில்லாமல், பொய்யான ஓர் ஊரின் பெயரைக் காலில் கட்டிக்கொண்டு கிடக்கும். அது செத்த பறவைதான். செத்ததற்கு எது வலிக்கும் என்று நினைத்துத்தான் அன்றைக்கும் கட்டினாள்.

"க்ளென்," என்றாள் மார்னி. அந்தச் சுருக்கப் பெயரை அவள் மட்டுமே சொல்வாள். "தயவுபண்ணி."

கிளெனிஸ் வெளிறிய தோலை இரு கைகளாலும் எடுத்துத் தட்டில் வைத்தாள். கறுத்ததை அதன் பக்கத்தில் வைத்தாள். துணியின்மேல் தாள் மட்டும் மிச்சமிருந்தது.

"வியாழக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு," என்றாள் மார்னி. "இப்பவே வேண்டாம். வெச்சிட்டுப் போறேன். யோசி."

"யோசிச்சிட்டேன் மார்னி."

தாளை மடிக்காமல், கசக்காமல், எழுத்துகள் மார்னியைப் பார்க்கும்படி திருப்பி அவள் பக்கமாக நகர்த்தினாள். பேனாவையும் அதன்மேல் வைத்தாள்.

"இல்ல," என்றாள். "போட மாட்டேன்."